நாளோடு பிணைக்கப்பட்ட இறைநினைவு

இஸ்லாம் விதித்துள்ள வணக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவும் எல்லையும் உண்டு. தொழுகை ஒரு நாளில் ஐந்து வேளை கடமையாகும். கட்டாய நோன்பு ரமலான் மாதத்தோடு முடியும். ஸகாத் எனப்படும் ஏழைவரி, 'நிஸாப்' என்னும் குறைந்தபட்ச அளவை எட்டிய செல்வம் ஓராண்டு முழுவதும் தங்கியவர் மீது, பணத்துக்கும் வணிகப் பொருளுக்கும் நாற்பதில் ஒரு பங்கு என்ற கணக்கில் விதிக்கப்படுகிறது. ஹஜ்ஜுக்கு, உடல்வலிமையும் பொருள்வசதியும் உள்ளவர் வாழ்நாளில் ஒருமுறை சென்றுவந்தால் போதும். நோயாளிக்கும் பயணிக்கும் முதியவருக்கும் இவற்றில் சலுகைகள் இருக்கின்றன. ஆனால் 'திக்ரு' எனப்படும் இறைநினைவுக்கு மட்டும் இறைவன் எல்லை எதையும் வகுக்கவில்லை என்றும், அறிவு தடுமாறியவரைத் தவிர வேறெவருக்கும் அதை விட்டுவிட அவன் சலுகை அளிக்கவில்லை என்றும் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கியதாகக் குர்ஆன் விரிவுரைகள் பதிவு செய்துள்ளன. நம்பிக்கையாளர்கள் அல்லாஹ்வை மிகுதியாக நினைவுகூர வேண்டும், காலையிலும் மாலையிலும் அவனைத் துதிக்க வேண்டும் என்று ஏவுகின்ற 33ஆம் அத்தியாயத்தின் 41, 42ஆம் வசனங்களுக்கு அவர் தந்த விளக்கம் அது.

உள்ளத்தால் இறைவனை நினைப்பதும் நாவால் அவனது பெயரையும் புகழையும் மொழிவதும் சேர்ந்ததே திக்ரு. 'சுப்ஹானல்லாஹ்' (அல்லாஹ் தூயவன்), 'அல்ஹம்துலில்லாஹ்' (புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே), 'அல்லாஹு அக்பர்' (அல்லாஹ் மிகப் பெரியவன்), 'லா இலாஹ இல்லல்லாஹ்' (வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வையன்றி வேறு யாருமில்லை) என்னும் நான்கு தொடர்கள் இதன் அடிப்படையாக அமைகின்றன. பாவமன்னிப்புக் கோரும் 'இஸ்திக்ஃபார்', நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருள்வேண்டும் 'ஸலவாத்து', குர்ஆன் ஓதுதல், வேண்டுதலாகிய 'துஆ' ஆகியவையும் இதன் பரப்புக்குள் அடங்குகின்றன. நின்றும் அமர்ந்தும் படுத்தும் இறைவனை நினைப்பவர்களை அறிவுடையோர் என்று குர்ஆன் போற்றுகிறது (3:191). உள்ளங்கள் அமைதி பெறுவது இறைநினைவால்தான் என்பதும் (13:28), அடியான் இறைவனை நினைத்தால் இறைவன் அடியானை நினைக்கிறான் என்பதும் (2:152) அந்த வேதத்தின் வாக்குறுதிகளாகும்.

எல்லையில்லாத இந்தக் கட்டளையை, விடிந்ததிலிருந்து அடுப்படியிலும் கடையிலும் வயலிலும் அலுவலகத்திலும் உழைக்கும் மனிதர் எவ்வாறு நிறைவேற்றுவது என்பதே இங்கு எழும் கேள்வி. மிகுதியாக நினைக்க வேண்டும் என்ற ஏவலைக் கேட்டவுடன், இரவெல்லாம் விழித்திருந்து ஆயிரக்கணக்கில் ஓதும் துறவியரின் வாழ்க்கைதான் அதற்குரிய வழி என்று பலர் எண்ணி, அது தமக்கு எட்டாதது என்று விலகிவிடுகின்றனர். நபிவழியோ இதற்கு நேர்மாறான பாதையைக் காட்டுகிறது. இறைவனுக்கு மிகவும் உவப்பான செயல்கள் அளவில் சிறியவையாயினும் இடைவிடாமல் செய்யப்படுபவையே என்ற நபிமொழியை நபிகளாரின் துணைவியார் ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார். புகாரி, முஸ்லிம் ஆகிய இருபெரும் நபிமொழித் தொகுப்புகளும் இதைத் தந்துள்ளன. ஒருமுறை பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே கயிறு ஒன்று கட்டப்பட்டிருப்பதைக் கண்ட நபிகளார் அதைப்பற்றி விசாரித்தார்கள். ஸைனப் (ரலி) என்னும் பெண்மணி நின்று தொழுது களைத்துப்போகும்போது பிடித்துக்கொள்வதற்கான கயிறு அது என்று அறிந்ததும் அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். உற்சாகம் இருக்கும்வரை தொழவேண்டும், சோர்வு வந்தால் அமர்ந்துவிடவேண்டும் என்பது அவர்களது அறிவுரை. இரவுத்தொழுகையைப் பழகிவிட்டுப் பின்னர் கைவிட்ட ஒருவரைப்போல் ஆகிவிடக்கூடாது என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) என்ற இளைஞரை அவர்கள் எச்சரித்ததும் இதே கருத்தில்தான். செய்யாமல் இருப்பதைவிடத் தொடங்கிவிட்டு அறுத்துக்கொள்வதைப் பற்றியே அந்த எச்சரிக்கை கவலைப்படுகிறது.

இதன் காரணத்தை இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஓர் உவமையால் விளக்குகிறார். தொடர்ந்து விழும் நீர்த்துளிகள் நாளடைவில் கல்லிலும் குழி பறித்துவிடும்; அதே அளவு நீரை ஒரே தடவையில் கொட்டினால் சுவடு எதுவும் மிஞ்சாது. மனித உள்ளத்தில் இறைநினைவு பதிவதும் இவ்வாறே என்பது அவர் கருத்து. நாற்பது பகுதிகள் கொண்ட அந்தப் பெருநூலின் ஒன்பதாம் பகுதியை திக்ருக்கும் துஆவுக்கும் ஒதுக்கிய அவர், பத்தாம் பகுதி முழுவதையும் அவற்றை நாளின் நேரங்களுக்கு ஏற்பப் பகிர்ந்து அமைப்பதற்கே ஒதுக்கியிருப்பது கருதத்தக்கது. எதை ஓதுவது என்பதோடு எப்போது ஓதுவது என்பதும் தனித்த ஆய்வுக்குரிய பொருளாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

காலத்தோடு பிணைப்பதே இந்த வழக்கத்தின் உயிர்நாடி. ஐவேளைத் தொழுகையே இதன் முதல் சட்டகம். தன்னை நினைவுகூர்வதற்காகத் தொழுகையை நிலைநாட்டும்படி இறைவன் மூஸா நபிக்கு ஆணையிட்டதாகக் குர்ஆன் கூறுகிறது (20:14). ஒவ்வொரு தொழுகையின் முடிவிலும் சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹு அக்பர் ஆகியவற்றை 33 முறை வீதம் சொல்லி, இறைவனின் ஏகத்துவத்தைச் சாற்றும் ஒரு கலிமாவைக் கொண்டு 100ஐ நிறைவுசெய்யும் வழக்கம் உலகமெங்கும் உள்ள முஸ்லிம்களிடம் இருக்கிறது. இதன் பின்னணி உருக்கமானது. மதீனாவிலிருந்த ஏழைத் தோழர்கள் நபிகளாரிடம் வந்து, செல்வர்களும் தங்களைப்போலவே தொழுகிறார்கள், நோன்பு நோற்கிறார்கள், ஆனால் அவர்களால் தர்மமும் செய்ய முடிகிறது, அடிமைகளை விடுவிக்கவும் முடிகிறது என்று முறையிட்டனர். அவர்களுக்காகவே இந்தத் துதிகள் கற்பிக்கப்பட்டன. செல்வர்களும் அதைக் கேள்வியுற்று ஓதத் தொடங்கிவிடவே ஏழைகள் மீண்டும் வந்தார்கள் என்றும், அது இறைவன் தான் நாடியோருக்கு வழங்கும் அருள் என்று நபிகளார் கூறிவிட்டார்கள் என்றும் அந்தச் செய்தி தொடர்கிறது. காசு தேவைப்படாத வணக்கம் என்பது திக்ரின் இயல்பு. தங்கள் கையில் எதுவுமில்லை என்று வருந்தியவர்களின் வாயிலிருந்தே அது பரவியது என்பதை மறக்கலாகாது.

உறங்கச்செல்லும் முன் ஓதப்படும் துதியின் வரலாறும் உழைப்போடு பிணைந்ததுதான். திரிகைக் கல்லில் மாவரைத்து அரைத்துக் கை காய்ப்பேறிப்போன ஃபாத்திமா (ரலி), தம் தந்தையாரிடம் வேலைக்கு ஓர் ஆள் கேட்டுச் சென்றார். அப்போது நபிகளாரைச் சந்திக்க முடியாததால் செய்தியை ஆயிஷாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். இரவில் மகளும் மருமகன் அலீ (ரலி) அவர்களும் படுத்துவிட்ட நேரத்தில் நபிகளார் அவர்களது இல்லத்துக்கு வந்து, எழுந்திருக்க முயன்றவர்களைத் தடுத்து அருகில் அமர்ந்தார்கள். வேலையாளைவிட மேலானது என்று கூறி அவர்கள் கற்றுத்தந்தது, படுக்கையில் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என ஓதும் வழக்கமாகும். அதைக் கேட்ட நாளிலிருந்து ஒருநாளும் தாம் விட்டதில்லை என்று அலீ பிற்காலத்தில் சொன்னார். ஹிஜ்ரி 37இல் (கி.பி. 657) நடந்த ஸிஃப்பீன் போரின் இரவிலுமா விடவில்லை என்று ஒருவர் கேட்டபோது, அந்த இரவிலும் விடவில்லை என்பதே அவரது பதிலாக இருந்தது. கலீஃபாவின் பொறுப்பும் உள்நாட்டுப் போரின் துயரமும் ஒருசேரச் சூழ்ந்திருந்த இரவில்கூடக் கைவிடப்படாத அளவுக்கு ஒரு வழக்கம் உறுதிப்பட்டிருந்தது என்றால், அது படுக்கை என்னும் தவறாத நேரத்தோடு கட்டப்பட்டிருந்ததும், சில நிமிடங்களில் முடிந்துவிடும் அளவினதாக இருந்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள் எனக் கொள்ளலாம்.

தொழுகைக்கும் படுக்கைக்கும் இடைப்பட்ட நேரத்தைச் சிறுசிறு துஆக்கள் நிரப்புகின்றன. உறக்கத்திலிருந்து எழுந்ததும் மீண்டும் உயிரூட்டிய இறைவனுக்குப் புகழ். வீட்டைவிட்டு வெளியேறுகையில் அவன்மீது பொறுப்பைச் சாட்டுதல். வாகனத்தில் ஏறியதும், அதை மனிதருக்கு வசப்படுத்தித் தந்தவனை நினைத்தல். தும்மினால் அல்ஹம்துலில்லாஹ், அதைக் கேட்டவர் அருள்வேண்டி மொழியும் வாழ்த்து, அதற்குத் தும்மியவர் கூறும் மறுமொழி என எல்லாவற்றுக்கும் ஒரு சொல் உண்டு. உணவைத் தொடங்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்ல மறந்தவர் நடுவில் நினைவு வந்தால், தொடக்கத்துக்கும் முடிவுக்குமாகச் சேர்த்து அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொள்ள ஒரு தனித்தொடரே கற்பிக்கப்பட்டுள்ளது. மறதி நேரும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட ஒழுங்குமுறை இது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகள் மழலை மாறுமுன்பே பிஸ்மி சொல்லிச் சோற்றில் கைவைக்கப் பழக்கப்படுத்தப்படுவதும், எதிர்காலம்பற்றிப் பேசும்போது 'இன்ஷா அல்லாஹ்' என்பது தானாகவே நாவில் வருவதும் இந்த ஒழுங்கின் விளைவுகளே. அவற்றைச் சொல்லும்போது பொருள் நினைவில் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. அதைப் பின்னர் பார்க்கலாம்.

காலை, மாலை ஆகிய இரு வேளைகளுக்கும் இவற்றுள் தனிச்சிறப்பு உண்டு. சூரியன் உதிக்குமுன்பும் மறையுமுன்பும் இறைவனைத் துதிக்கும்படி குர்ஆன் ஏவுவதைக் கொண்டு (50:39), சுபுஹு தொழுகைக்கும் சூரிய உதயத்துக்கும் இடைப்பட்ட நேரத்தையும், அஸர் தொழுகைக்கும் மறைவுக்கும் இடைப்பட்ட நேரத்தையும் அறிஞர்கள் இதற்கென வகுத்துள்ளனர். குர்ஆனின் இறுதி மூன்று அத்தியாயங்களை மும்மூன்று முறை ஓதுதல், பாவமன்னிப்புக் கோரல்களின் தலையாயது என்று நபிகளார் அடையாளம் காட்டிய 'சய்யிதுல் இஸ்திக்ஃபார்' ஆகியவை இவ்வேளைகளில் பரவலாக ஓதப்படுபவை. நபிகளாரே ஒரு நாளில் எழுபது முறைக்கும் மேலாகப் பாவமன்னிப்புக் கோரினார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி.

இவற்றையெல்லாம் தொகுத்து எளிதாக்கித் தரும் பணி மூன்றாம் ஹிஜ்ரி நூற்றாண்டிலிருந்தே நடந்துவந்துள்ளது. இமாம் நஸாயீ (மறைவு 915), அவருடைய மாணவர் இப்னுஸ் ஸுன்னீ (மறைவு 974) ஆகிய இருவரும் இரவு பகலின் செயல்கள் என்ற பொருள்தரும் ஒரே தலைப்பில் நூல் எழுதினர். டமாஸ்கஸில் வாழ்ந்து, நாற்பத்தைந்து வயதை எட்டுமுன்பே 1277இல் மறைந்த இமாம் நவவீயின் 'அல்அத்கார்' இத்துறையில் இன்றுவரை மிகுதியாகப் பயிலப்படுகிறது. அண்மைக் காலத்தில் சவூதி அறிஞர் சயீத் இப்னு அலீ அல்கஹ்தானி தொகுத்த 'ஹிஸ்னுல் முஸ்லிம்' என்ற சட்டைப்பை அளவு நூல், தமிழ் உட்படப் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுக் கைபேசிச் செயலியாகவும் பரவியிருக்கிறது.

நவவீயின் நூல் பட்டியலாக மட்டும் நின்றுவிடாமல் சட்டநுட்பங்களையும் எடுத்துரைக்கிறது. திக்ருக்கு 'உளூ' எனப்படும் அங்கத்தூய்மை கட்டாயமில்லை. மாதவிடாய்க் காலத்தில் தொழுகையிலிருந்து விலக்களிக்கப்பட்ட பெண்களும், பிள்ளைபெற்ற தாய்மார்களும் துதிகளையும் துஆக்களையும் ஓதலாம் என்பதில் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை உள்ளதை அவர் குறிப்பிடுகிறார். மாதத்தின் சில நாள்கள் இறைவனோடுள்ள உறவு அறுந்துவிட்டதாக எந்தப் பெண்ணும் எண்ணவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இன்ன நேரத்தில் இன்னது ஓதுவது என்று வழக்கம் வைத்திருப்பவர் அதைத் தவறவிட்டால், கிடைத்த நேரத்தில் ஓதி ஈடுசெய்யவேண்டும் என்றும் அவர் அறிவுறுத்துகிறார். தமக்கென வரையறுத்துக்கொண்ட இந்த நாள்தோறுமான அளவுக்கு 'விர்து' அல்லது 'ஹிஸ்பு' என்று பெயர். இரவில் ஓதவேண்டிய விர்தை உறங்கித் தவறவிட்டவர், சுபுஹுக்கும் லுஹருக்கும் இடையில் அதை ஓதிவிட்டால் இரவிலேயே ஓதியதாக எழுதப்படும் என்று உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. ஒருநாள் தவறிப்போனதும் வழக்கம் முழுவதும் உடைந்துவிட்டதாக எண்ணிக் கைவிடுவது மனித இயல்பு. அந்த இடத்தில்தான் பெரும்பாலான நல்ல முடிவுகள் மாண்டுபோகின்றன. அடுத்த நண்பகலுக்குள் ஈடுசெய்ய இடம்வைத்த இந்த ஏற்பாடு அவநம்பிக்கைக்கு வழியடைக்கிறது.

எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதையும் கஸ்ஸாலி விரிவாகப் பேசுகிறார். பகல்பொழுதை ஏழு விர்துகளாக அவர் பகுத்திருந்தாலும், வணக்கத்துக்கே தம்மை ஒப்படைத்தவர், அறிஞர், மாணவர், தொழில் செய்பவர், ஆட்சிப் பொறுப்பில் உள்ளவர், இறைவனிலேயே மூழ்கியவர் என மக்களை ஆறு வகையினராகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒழுங்கு மாறுபடும் என்கிறார். குடும்பத்தைக் காக்கவேண்டிய தொழிலாளி, பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டுத் தன் நேரமெல்லாவற்றையும் வணக்கத்தில் கழிப்பது கூடாது; வேலை நேரத்தில் அவருக்குரிய விர்து கடைவீதிக்குச் சென்று உழைத்துச் சம்பாதிப்பதுதான், ஆனால் அந்த உழைப்பினிடையே இறைவனை மறந்துவிடக்கூடாது என்பது அவர் தரும் தீர்ப்பு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச்சென்று பிழைப்பைத் தேடும்படியும், அதே மூச்சில் அல்லாஹ்வை மிகுதியாக நினைக்கும்படியும் குர்ஆன் கட்டளையிடுவது (62:10) இதற்கு ஆதாரம். கொடுக்கல் வாங்கல் எதுவும் இறைநினைவிலிருந்து திசைதிருப்பாத மனிதர்களை அது புகழும்போது (24:37), வணிகத்தைத் துறந்தவர்களை அல்ல, வணிகத்தில் இருந்துகொண்டே நினைவு இழக்காதவர்களையே சுட்டுகிறது. இறைவனுக்குக் கீழ்ப்படிந்து செயலாற்றும் ஒவ்வொருவரும் திக்ரு செய்பவரே என்று நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஸயீத் இப்னு ஜுபைர் கூறியதையும், வாங்குவதும் விற்பதும் தொழுவதும் மணமுடிப்பதும் எவ்வாறு என்று ஆகுமானதையும் ஆகாததையும் கற்கும் அவைகளும் திக்ருடைய அவைகளே என்று அறிஞர் அதாவு கூறியதையும் நவவீ எடுத்தாண்டிருக்கிறார். எடையில் குறைவைத்துக்கொண்டே கல்லாப்பெட்டிக்கு மேல் தஸ்பீஹ் மணியை உருட்டுவது இந்த அளவுகோலின்படி திக்ரு ஆகாது.

இனி, உள்ளத்தின் ஈடுபாடு பற்றிய கேள்விக்கு வரலாம். எந்தச் செயலும் பழகப் பழகக் கவனம் குறைந்து வெறும் உதட்டசைவாகிவிடும் அபாயம் உண்டு. பழக்கம் என்பதன் பலமும் பலவீனமும் அதுதான். உள்ளத்தால் மட்டும் செய்யப்படும் திக்ரும் உண்டு, நாவால் மட்டும் செய்யப்படுவதும் உண்டு, இரண்டும் இணைவதே சிறந்தது, ஒன்றைத்தான் தேரவேண்டுமென்றால் உள்ளத்துடையதே மேலானது என்று நவவீ வரிசைப்படுத்துகிறார். அப்படியாயின் மனம் அலைபாயும் வேளையில் நாவை அசைப்பதில் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். அலெக்சாண்டிரியாவில் தோன்றி, 1309இல் கெய்ரோவில் மறைந்த ஷாதுலி நெறியின் ஞானி இப்னு அதாயில்லாஹ் இதற்குத் தமது 'ஹிகம்' நூலில் அளித்துள்ள விடை, இத்துறையில் சொல்லப்பட்டவற்றுள் மிகவும் பயனுள்ளது என்று துணிந்து கூறலாம். மனம் லயிக்கவில்லை என்பதற்காகத் திக்ரைக் கைவிடலாகாது. திக்ரு செய்யும்போது நேரும் கவனச்சிதறலைவிடத் திக்ரே இல்லாமற்போகும் மறதி மோசமானது. கவனமற்ற திக்ரிலிருந்து விழிப்புள்ள திக்ருக்கும், அங்கிருந்து இறைச்சந்நிதியை உணரும் நிலைக்கும், அதற்கும் அப்பால் இறைவனையன்றி அனைத்தும் மறைந்துபோகும் நிலைக்கும் இறைவனே உயர்த்தக்கூடும் என்பது அவர் வாதத்தின் சாரம். விழிப்பு வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர் தொடங்குவதேயில்லை. நாவு ஏற்கெனவே பழகியிருந்தால்தான் விழிப்பு வரும்போது அதற்கு ஓர் இடம் இருக்கும்.

உள்ளம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்காது என்பதை நபித்தோழர்களே அனுபவித்திருக்கிறார்கள். நபிகளாரின் எழுத்தர்களுள் ஒருவரான ஹன்ளலா (ரலி), தாம் நயவஞ்சகராகிவிட்டோமோ என்று அஞ்சி அபூபக்ரிடம் (ரலி) முறையிட்டார். நபிகளாரின் அவையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் நிற்பதுபோல் இருக்கிறது, வீடு திரும்பி மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்துவிட்டால் பெரும்பகுதி மறந்துபோகிறது என்பது அவருடைய துயரம். தமக்கும் அப்படித்தான் நேர்கிறது என்று அபூபக்ரும் ஒப்புக்கொண்டு, இருவரும் நபிகளாரிடம் சென்றனர். அந்த உச்ச நிலையிலேயே எப்போதும் நீடித்தால் வானவர்களே அவர்களது படுக்கைகளிலும் பாதைகளிலும் வந்து கைகுலுக்குவார்கள் என்றும், ஆனால் மனிதருக்கு ஒரு வேளை அப்படி, ஒரு வேளை இப்படி என்பதே இயல்பு என்றும் நபிகளார் தேற்றினார்கள். அபூபக்ருக்கே மனநிலை ஏறி இறங்கியதென்றால், சுபுஹு தொழுதுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடும் ஒருவர் தம் மனம் ஒருமைப்படவில்லையே என்று நிலைகுலைய வேண்டியதில்லை. அதேவேளையில், பிறர் பார்க்கத் தொழுது இறைவனை மிகச் சொற்பமாகவே நினைக்கும் நயவஞ்சகர்களைப் பற்றிய குர்ஆனின் கண்டனத்தையும் (4:142) மறந்துவிடக்கூடாது. கவனம் தவறுவது வேறு, கவனத்தைத் தேடாமலே இருப்பது வேறு.

எண்ணிக்கையைக் கணக்கிடும் முறையிலும் ஓதும் வடிவத்திலும் கருத்துவேறுபாடுகள் உள்ளன. நபிகளார் விரல்களால் எண்ணினார்கள் என்பதும், மறுமையில் அவை சாட்சி சொல்லும் என்பதால் விரல்நுனிகளால் எண்ணும்படி பெண்களுக்கு அறிவுறுத்தினார்கள் என்பதும் நபிமொழித் தொகுப்புகளில் உள்ளன. கற்களையும் பேரீச்சங்கொட்டைகளையும் கொண்டு எண்ணிய செய்திகளும் கிடைக்கின்றன. அவற்றை அடிப்படையாகக் கொண்டே தஸ்பீஹ் மணியைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கின்றனர். கூஃபாவின் பள்ளிவாசலில் வட்டமாக அமர்ந்து கற்களால் எண்ணி ஓதிக்கொண்டிருந்தவர்களை இப்னு மஸ்ஊத் (ரலி) கண்டித்த செய்தியைக் காட்டிக் கூட்டு திக்ரை மறுப்போரும் உண்டு. திக்ருடைய அவைகளை வானவர்கள் சூழ்ந்துகொள்கின்றனர் என்ற நபிமொழியைக் காட்டி ஆதரிப்போரும் உண்டு. சூஃபி நெறிகளுக்குள்ளேயும் இரு போக்குகள் காணப்படுகின்றன: பாக்தாதின் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானியை (மறைவு 1166) முதல்வராகக் கொண்ட காதிரிய்யா நெறியில் உரத்த திக்ரும், புகாராவின் பஹாவுத்தீன் நக்‌ஷபந்தியின் (1318–1389) பெயரால் அமைந்த நெறியில், கூட்டத்தின் நடுவிலும் உள்ளம் இறைவனோடு தனித்திருக்கும் ஓசையற்ற திக்ரும் மேலோங்கின.

தமிழ் பேசும் முஸ்லிம்களிடம் இந்த மரபு கடல்வழியாகவும் கல்விவழியாகவும் வேரூன்றியது. ஹளரமவ்த்தின் தரீம் நகரில் வாழ்ந்த அப்துல்லாஹ் இப்னு அலவி அல்ஹத்தாத் (1634–1720) தொகுத்த ராத்திப், அரபிக்கடலையும் வங்கக்கடலையும் தாண்டிக் கேரளம், இலங்கை, மலாய் நாடுகள் எங்கும் பரவியது. குறிப்பிட்ட துதிகளை வரிசைப்படுத்திக் கூட்டாக ஓதும் அமைப்பே ராத்திப் எனப்படுகிறது. காயல்பட்டினத்தில் காதிரிய்யா, ஷாதுலிய்யா நெறிகளுக்கென்று மஹ்ளரா, ஸாவியா என்னும் திக்ரு மையங்கள் அமைந்தன. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (1816–1898), தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வி எனப்படும் அரபுத்தமிழில் மார்க்க நூல்களை இயற்றித் தமிழகத்திலும் இலங்கையிலும் கற்பித்தார். குர்ஆன் ஓதக் கற்றிருந்த பெண்களுக்கு அந்த எழுத்தே மார்க்க அறிவின் வாயிலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வலுப்பெற்ற தவ்ஹீத் சிந்தனையினர் ராத்திபையும் அதன் வடிவத்தையும் நபிவழியில் இல்லாதவை என்று எதிர்த்தனர். மரபுவழி ஆலிம்கள் தங்கள் ஆதாரங்களோடு பதிலளித்தனர். ஊர்தோறும் நடந்த இந்த விவாதத்தில் இரு தரப்பும் செலவிட்ட நேரத்தில் ஒரு சிறு பகுதி, இரு தரப்புமே ஐயமின்றி ஏற்கும் திக்ருகளை இளைஞர்களின் நாளில் பதியவைக்கச் செலவிடப்பட்டிருந்தால் நன்மை கூடியிருக்கும். தொழுகைக்குப் பிந்திய தஸ்பீஹ், காலை மாலைத் துதிகள், படுக்கையின் துஆ ஆகியவற்றில் யாருக்கும் சர்ச்சை இல்லை.

குரலை எவ்வளவு உயர்த்துவது என்பதிலும் நபிவழி ஒரு நிதானத்தைக் கற்பிக்கிறது. கைபர்ப் பயணத்தின்போது தோழர்கள் உரத்த குரலில் 'அல்லாஹு அக்பர்' என்னும் தக்பீரை முழங்கியபோது, தம்மை வருத்திக்கொள்ள வேண்டாம் என்றும், அவர்கள் அழைப்பது செவிடனையோ தொலைவில் இருப்பவனையோ அல்ல என்றும் நபிகளார் அமைதிப்படுத்தினார்கள். மனத்துக்குள் பணிவோடும் அச்சத்தோடும், குரலை உரக்க எழுப்பாமலும் காலையிலும் மாலையிலும் நினைவுகூரும்படி குர்ஆனும் சொல்கிறது (7:205). ஒலிபெருக்கிகள் மலிந்த காலத்தில் நோயாளிகளுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் தொல்லை தராமல் ஓதுவதும் திக்ரின் ஒழுக்கங்களுள் ஒன்றாகவே கொள்ளத்தக்கது.

புதிதாகத் தொடங்க விரும்புவோர் பெரிய பட்டியலைக் கையில் எடுக்கவேண்டியதில்லை. ஏற்கெனவே தொழுதுவருபவர், ஸலாம் கொடுத்தவுடன் எழுந்து ஓடாமல் அதே இடத்தில் சில நிமிடங்கள் அமர்ந்து அந்த நூறையும் விரல்களால் எண்ணி முடிப்பதிலிருந்து தொடங்கலாம்; ஐவேளையும் அது நிலைத்தால் நாளொன்றுக்கு ஐந்நூறு துதிகள் ஆகிவிடும். தொழுகையில் இன்னும் ஒழுங்குபடாதவர் படுக்கையின் 33, 33, 34ஐ முதலில் பிடித்துக்கொள்ளலாம். அது பழகி, விட்டால் ஏதோ குறைந்ததுபோல் தோன்றும் நிலை வந்த பிறகு காலைத் துதிகளில் ஒன்றைச் சேர்ப்பதே பொருத்தம். ஓதும் தொடர்களின் தமிழ்ப் பொருளை ஒருமுறையாவது கற்றுக்கொள்வதும், கைபேசியை எட்டத்தில் வைப்பதும் கவனத்துக்குத் துணைசெய்யும். முஆத் (ரலி) அவர்களின் கையைப் பிடித்து, அவரைத் தாம் நேசிப்பதாகச் சொன்ன நபிகளார், ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் தவறாமல் கேட்கும்படி ஒரு துஆவைக் கற்றுத்தந்தார்கள்: இறைவனை நினைக்கவும், அவனுக்கு நன்றி செலுத்தவும், அழகிய முறையில் அவனை வணங்கவும் அவனிடமே உதவி வேண்டும் துஆ அது. தொடங்குபவர் முதலில் மனனம் செய்யவேண்டியது அதுவே.